கண்காணியின் ஏடு

1

'கண்காணிப்பு' என்கிற சொல்லை நாம் ரொம்ப லேசாகப் புழங்குகிறோம். கணினித் துறைக்காரர்கள் 'மானிட்டரிங்' என்று சொல்வதற்கு அதுதான் தமிழ். போலீஸ் வேலைக்கும் அதுதான். ஃபூக்கோவை முன்வைத்து அதிகாரம் பற்றிப் பேசிவரும் நம் சிற்றிதழ்க்காரர்களுக்கும் அதுதான். மூன்றும் ஒன்றல்ல. ஆனாலும் மூன்றையும் ஒரே சொல் தாங்குகிறது என்றால் அதற்குள் ஏதோ ஒரு வரலாறு படிந்து கிடக்கிறது.

'கண்காணி' யார்? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு இங்கேயிருந்து ஆள் கட்டிக்கொண்டு போனவர். வேலை வாங்கியவர், முன்பணம் கொடுத்தவர், கொடுத்ததைக் கடனாக எழுதி வைத்தவர். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகிற தொழிலாளியோடு, அவர் பட்ட கடன் இவ்வளவு என்று எழுதிய ஒரு சீட்டும் போகும். அதற்குத் 'துண்டு' என்று பெயர். புதுத் தோட்டம் அந்தக் கடனைத் தீர்த்தால்தான் ஆள் நகரலாம். இந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கண்காணிக்குக் கண் இருந்ததால் மட்டும் இந்த அதிகாரம் வந்துவிடவில்லை. அவர் எழுதினார், எழுதியதைப் பெரும்பாலான தொழிலாளர்களால் படிக்க முடியாது, படிக்கத் தெரிந்தவராலும் மறுக்க முடியாது. கண்ணைவிட ஏடுதான் ஆளைக் கட்டிப்போட்டது.

அரசு நிறுவனங்களின் கணினிக் கட்டமைப்பைக் கண்காணிப்பது என்றால் வழக்கமாக என்ன புரிந்துகொள்கிறோம்? சர்வர் ஓடுகிறதா, இணைப்பு அறுந்ததா, எங்கே பிழைச்செய்தி வந்தது, எத்தனை நிமிஷத்தில் சரிசெய்தார்கள் என்பதெல்லாம் ஒரு திரையில் பச்சையும் சிவப்புமாகத் தெரியும். இதில் அரசியல் ஒன்றுமில்லை, தொழில்நுட்பக்காரர் பாடு என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டதன் விலை என்ன என்பதைப் பிரிட்டிஷ் போஸ்ட் ஆபீஸின் 'ஹொரைசன்' விவகாரம் காட்டிவிட்டது. அது வெறும் மென்பொருள் கோளாறின் கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. நான் அதை ஏட்டின் கதையாக, அதாவது யார் எழுதியது, யார் படித்தது, யாரிடம் மறைத்தது என்கிற கதையாக வாசிக்கப் பார்க்கிறேன்.

2

பிரிட்டனில் போஸ்ட் ஆபீஸ் முழுக்க அரசுக்குச் சொந்தமான நிறுவனம். ஆனால் அதன் கிளைகளில் பெரும்பாலானவற்றை நடத்துகிறவர்கள் அரசு ஊழியர்கள் இல்லை. மளிகைக் கடையோ, பேப்பர் கடையோ வைத்திருக்கும் ஒருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, கடையிலேயே ஒரு கவுன்ட்டரில் அஞ்சலகம் நடத்துவார். சப்-போஸ்ட்மாஸ்டர் என்று பெயர். கணக்கில் துண்டு விழுந்தால் அவர் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும் என்று போஸ்ட் ஆபீஸ் அந்த ஒப்பந்தத்துக்கு அர்த்தம் சொல்லிவந்தது.

1999-2000இல் இந்தக் கவுன்ட்டர்களில் எல்லாம் ஹொரைசன் வந்தது. செய்து கொடுத்தது ஐ.சி.எல்.; அது ஜப்பானிய ஃபுஜிட்சுவுக்குச் சொந்தமான கம்பெனி. வந்த கொஞ்ச நாளிலேயே கணக்கு உதைக்க ஆரம்பித்தது. கல்லாவில் பணம் இருக்கும். திரை கூடுதலாகக் கேட்கும். ஜோ ஹாமில்டன் என்கிற பெண், உதவி எண்ணுக்குப் போன் போட்டு அவர்கள் சொன்னபடியே செய்ததும் 2,000 பவுண்டு துண்டு கண்ணெதிரே 4,000 ஆனதைச் சொல்லியிருக்கிறார். லீ காஸில்டன் 91 முறை போன் செய்தார். கடைசியில் அவர்மீதே வழக்கு. சுமார் 25,000 பவுண்டுக்கான தகராறு அது, 2007இல் தோற்றார். செலவுத் தொகையாக மட்டும் 3,21,000 பவுண்டு அவர் தலையில் விழுந்தது, திவாலானார். உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருகிறது என்று உதவி எண்ணில் சொன்னார்கள் எனப் பலரும் சாட்சியம் சொன்னார்கள்.

1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். இவற்றில் சுமார் 700 வழக்குகளைப் போலீஸ் போடவில்லை. போஸ்ட் ஆபீஸே போட்டது. பணம் போச்சு என்று சொல்வதும் அதுவே, விசாரிப்பதும் அதுவே, குற்றம் சாட்டி நடத்துவதும் அதுவே. நீதிபதி சர் வின் வில்லியம்ஸ் தலைமையிலான பொது விசாரணை 2025 ஜூலையில் அறிக்கையின் முதல் தொகுதியை வெளியிட்டது. குறைந்தது 13 பேருடைய தற்கொலைக்கு இந்த விவகாரம் காரணமாக இருந்திருக்கலாம் என்கிறது அது.

3

ஹொரைசனை யாரும் கண்காணிக்கவில்லை, அதனால்தான் இவ்வளவும் நடந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அதுதான் இல்லை. நன்றாகவே கண்காணித்தார்கள். பிராக்னெல் என்கிற ஊரில் ஃபுஜிட்சுவின் ஆதரவுக் குழு உட்கார்ந்திருந்தது. பிழைகளுக்கு எண் கொடுத்தார்கள், வகை பிரித்தார்கள், குறிப்பு எழுதினார்கள். 'அறிந்த பிழைகளின் பதிவேடு' என்றே ஒன்று இருந்தது. பெயரைக் கவனியுங்கள்: 'அறிந்த' பிழைகள். அறிந்தது யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

2010இல் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டது. வரவும் செலவும் பொருந்தாமல் போகிற பிழை. 62 கிளைகளைப் பாதித்தது. போஸ்ட் ஆபீஸும் ஃபுஜிட்சுவும் கூடிப் பேசின. அந்தக் கூட்டக் குறிப்பு பின்னாளில் வெளிவந்தது. அதில் உள்ள சேதி இது: பொருத்தமின்மை ஏற்படும்போது ஒரு பிழைக்குறி உருவாகும், அதை வைத்து ஃபுஜிட்சு பாதிக்கப்பட்ட கிளைகளைப் பிரித்தெடுத்துவிடலாம், ஆனால் அந்தக் குறி கிளைகளின் கண்ணுக்குத் தெரியாது. விஷயம் வெளியே தெரிந்தால் ஹொரைசன்மீது நம்பிக்கை போய்விடும், நடந்துகொண்டிருக்கும் வழக்குகள் பாதிக்கப்படும் என்கிற கவலையும் அதே குறிப்பில் இருக்கிறது. கிளைக்குத் தெரியாமலேயே கிளையின் கணக்கைத் திருத்திவிடலாமா என்பதும் ஒரு தீர்வாக அங்கே பேசப்பட்டிருக்கிறது.

இந்தக் குறிப்பை ஒரு பிரதியாக வாசித்தால் கண்காணிப்பின் அமைப்பு முழுக்க அதில் வெளிப்படுகிறது. ஒரே நிகழ்வு இரண்டு இடத்தில் இரண்டு பொருள் கொள்கிறது. பிராக்னெலில் அது ஒரு பிழைக்குறி, ஒரு வேலை, திருத்த வேண்டிய ஒன்று. கவுன்ட்டரில் அது பற்றாக்குறை, கடன், குற்றம். அங்கே இயந்திரத்துக்கு நோய். இங்கே மனுஷனுக்கு ஒழுக்கக்கேடு. இந்த இரண்டு வாசிப்புக்கும் நடுவே ஒரு சுவர் நின்றது. அந்தச் சுவர் தானாக வந்ததில்லை, கட்டப்பட்டது.

அதே 2010 அக்டோபரில், அதே பிழை பற்றிய தகவல் போஸ்ட் ஆபீஸ் வக்கீல்களின் கைக்கு வந்திருந்த நிலையில், சீமா மிஸ்ரா மீதான விசாரணை நடந்தது. வெஸ்ட் பைஃப்லீட்டில் அஞ்சலகம் நடத்திய இந்தியப் பெண். சுமார் 74,000 பவுண்டு திருடினார் என்று குற்றச்சாட்டு. அந்தத் தகவலை அவர் தரப்புக்குக் கொடுக்கவில்லை. 15 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டபோது அவர் கர்ப்பிணி. மூத்த பையனுக்கு அன்று பத்தாவது பிறந்தநாள். தண்டனையை ரத்து செய்ய 2021 ஏப்ரல் வரை ஆயிற்று. அன்று அப்பீல் நீதிமன்றம் ஒரே தீர்ப்பில் 39 பேரை விடுவித்தது.

பார்வை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. போஸ்ட் ஆபீஸ் புலனாய்வாளர்களுக்கான ஒரு வழிகாட்டி ஆவணம் 2023இல் தகவலுரிமைச் சட்டம் வழியாக வெளியே வந்தது. சந்தேகத்துக்குரியவர்களை இன அடையாளப்படி குறியிட்டு எழுதச் சொல்கிறது அது. கறுப்பர்களைக் குறிக்கப் பழைய காலனிய இனவியலின் வசைச்சொல்லையே பயன்படுத்துகிறது. ஆக, இயந்திரத்தின் பிழைக்கும் ஒரு குறி இருந்தது, மனுஷனின் தோலுக்கும் ஒரு குறி இருந்தது. விசாரணைக் கோப்பில் ஏறியது இரண்டாவது குறி.

4

சரி, இவ்வளவு கண்காணித்தும் கணக்கு தப்பாகிறது என்பது ஏன் பெரிய விஷயமாக உறைக்கவில்லை? எதை அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும். பிராக்னெலில் வேலை பார்த்த ரிச்சர்ட் ரோல் பிறகு வெளியே வந்து பேசினார், நீதிமன்றத்திலும் சாட்சியம் சொன்னார். குறித்த நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் ஒப்பந்தப்படி அபராதம் என்பதால் எப்போதும் நெருக்கடி இருந்தது என்றார். ஒப்பந்தம் தாமதத்துக்கு விலை போட்டிருந்தது. ஒரு சப்-போஸ்ட்மாஸ்டர் தன்னுடையதல்லாத கடனைக் கட்டி வீட்டை இழப்பதற்கு அங்கே விலை கிடையாது. அளவுகோலில் இல்லாதது திரையில் தெரியாது. திரையில் தெரியாததை நிர்வாகம் நடக்கவேயில்லை என்று எடுத்துக்கொள்ளும். பச்சை விளக்கு எரிகிறது என்றால் ஒப்பந்தம் ஆரோக்கியமாக இருக்கிறது என்றுதான் பொருள். கணக்கு சரி என்று அதற்குப் பொருள் கிடையாது.

கவுன்ட்டரில் என்ன நடந்தது? காலக்கெடு முடியும்போது கணக்கை முடித்து, இதுதான் இருப்பு என்று உறுதி சொன்னால்தான் அடுத்த காலத்துக்கு இயந்திரம் வழிவிடும். முன்பெல்லாம் தகராறில் உள்ள தொகையை ஒரு தற்காலிகக் கணக்கில் போட்டு வைக்க வழி இருந்தது. 2005இல் அதை எடுத்துவிட்டார்கள். ஒத்துக்கொண்டு கட்டலாம், இல்லையென்றால் கணக்கு சரியாக இருக்கிறது என்று பொய் சொல்லிக் கடையைத் திறந்து வைக்கலாம். இந்தத் தொகையை நான் மறுக்கிறேன் என்று சொல்வதற்கு ஹொரைசனில் ஒரு பொத்தான் கிடையாது. அப்படிப் பொய் சொன்னதற்குத்தான் பலருக்குப் 'பொய்க்கணக்கு' வழக்கு. ஆலையின் அச்சில் கரும்பு போல ஆளைச் செருகிவிட்டு, ஏன் நசுங்கினாய் என்று கேட்கிற கதை. மறுப்பை எழுத இடமில்லாத ஏட்டில் மறுப்பு இருந்ததற்கே சுவடு இருக்காது. பிறகு அதே ஏட்டைச் சான்றாகக் காட்டி, இவர் மறுக்கவேயில்லையே என்று வாதாடலாம்.

இதற்கும் மேலே ஒன்று. சப்-போஸ்ட்மாஸ்டருக்குத் தெரியாமல் வெளியிலிருந்து யாரும் கிளைக் கணக்கில் கை வைக்க முடியாது என்று போஸ்ட் ஆபீஸ் வருஷக்கணக்காகச் சாதித்தது. முடியும், செய்தும் இருக்கிறோம் என்று ரோல் சொன்னார். 555 பேர் ஆலன் பேட்ஸ் தலைமையில் தொடுத்த வழக்கில் நீதிபதி ஃப்ரேசர் 2019 டிசம்பரில் அளித்த தீர்ப்பு ரோல் பக்கம்தான் நின்றது. சப்-போஸ்ட்மாஸ்டரே செய்தது போலத் தோன்றும்படி பதிவுகளைச் செருக ஃபுஜிட்சுவால் முடிந்தது என்று தீர்ப்பு சொல்கிறது. அதாவது ஏட்டை எழுதியவரின் கையெழுத்து ஏட்டில் இல்லை. யாரைப் பற்றி எழுதினார்களோ அவருடைய கையெழுத்துதான் இருந்தது. தோட்டத்துக் கண்காணிகூட இந்த அளவுக்குப் போனதில்லை.

5

நீதிமன்றங்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்ற கேள்வி நியாயமானது. இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுக் காவல், குற்றச் சாட்சியச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, கணினி தந்த பதிவைச் சாட்சியமாக்க வேண்டுமானால் அந்தக் கணினி ஒழுங்காக வேலை செய்தது என்று காட்டச் சொன்னது. இது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்று சட்ட ஆணையம் 1997இல் பரிந்துரைத்தது. 1999இல் சட்டம் இயற்றி, 2000 ஏப்ரலில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். ஹொரைசன் கவுன்ட்டர்களில் ஏறிக்கொண்டிருந்த அதே நேரம். அதற்குப் பின் நின்றது பழைய ஊகம்தான்: மாறாகச் சான்று இல்லாதவரை இயந்திரம் சரியாக ஓடியது என்றே கொள்ள வேண்டும். மாறான சான்று எங்கே இருக்கும்? அறிந்த பிழைகளின் பதிவேட்டில். அது யாரிடம் இருக்கிறது? குற்றம் சாட்டுகிறவருக்கு இயந்திரம் விற்ற கம்பெனியிடம். பூட்டு ஒருவரிடம், சாவியும் அவரிடமே. திறந்து காட்டு என்ற பொறுப்பு மட்டும் கூண்டில் நிற்பவருக்கு.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் சிலம்பு ஞாபகம் வராமல் இருக்காது. வெளித்தோற்றத்தில் இரண்டு சிலம்பும் ஒன்றுபோல இருந்தன. பொற்கொல்லன் சொல்லைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டு பாண்டியன் தண்டனை கொடுத்துவிட்டான். கண்ணகி கேட்டது கருணையை இல்லை. உள்ளே என்ன பரல் என்று கேட்டாள். அவன் முத்து என்றான், அவள் மாணிக்கம் என்றாள், உடைத்துக் காட்டினாள். கற்பு, ஊழ் என்று இந்தக் காட்சியைப் பேசிப் பேசி அதன் சட்ட உள்ளடக்கத்தை நாம் தவறவிட்டுவிட்டோம். சாட்சியப் பொருளின் உட்புறத்தைப் பார்க்கும் உரிமையை, குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பு அரசவையில் நின்று கோருகிற காட்சி அது. மிஸ்ரா தரப்பும் அதைத்தான் கேட்டது; அவர்களுடைய நிபுணர் ஹொரைசனின் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கோரினார். முழுமையாகக் கிடைக்கவில்லை. பாண்டியன் குறைந்தபட்சம் சிலம்பைக் கொண்டுவரச் சொன்னான்.

6

இனி நம் பக்கத்துக் கோளாறு. கண்காணிப்பு என்றதும் நாம் ஃபூக்கோ 1975இல் எழுதிய சிறைச்சாலை பற்றிய நூலையும், அதில் வருகிற பெந்தாமின் வட்டச் சிறையையும், நடுவில் நிற்கும் கோபுரத்தையும் சொல்கிறோம். கைதிக்குக் காவலர் தெரியாது, காவலருக்குக் கைதி தெரியும். பார்க்கப்படுகிறோம் என்ற நினைப்பே ஆளை அடக்கிவிடும். சரிதான். ஆனால் இந்தப் படத்தின் மறுபாதியை நாம் பேசுவதே கிடையாது. பெந்தாமின் திட்டத்தில் அந்தக் கோபுரத்துக்குள் பொதுமக்கள் வந்து காவலரையே சோதிக்கலாம். ஃபூக்கோவும் இதைக் குறிப்பிடத்தான் செய்கிறார். நாம் கோபுரத்தைப் பார்த்துப் பயந்ததோடு நிறுத்திக்கொண்டோம். கதவு எங்கே என்று தேடவில்லை.

இதனால் ஹொரைசன் போன்ற ஒன்றின் முன்னால் நம்மிடம் இரண்டே பதில்கள் மிஞ்சுகின்றன. ஒன்று தொழில்நுட்பவாதியின் பதில்: இன்னும் கண்காணி, இன்னும் நல்ல கருவி வாங்கு, இன்னும் அதிகமாகப் பதிவு செய். இன்னொன்று நம் பதில்: கண்காணிப்பே அதிகாரம், ஆகவே எதிர். இரண்டும் கண்காணிப்பை ஒரே பொருளாக, கூட்டவோ குறைக்கவோ வேண்டிய ஒரு அளவாகப் பார்க்கின்றன. ஹொரைசனில் பதிவு குறைவாக இருந்ததா? இல்லை. பதிவு இருந்ததனால்தான் பின்னால் 2019இல் உண்மை நிரூபணமானது. நீதிமன்றக் கட்டளையால் அந்தப் பதிவேடு வெளியே வந்ததனால்தான் வாதிகளின் நிபுணரால் பிழைகளை ஒவ்வொன்றாக அடையாளம் காட்ட முடிந்தது. ஆட்களைச் சிறைக்கு அனுப்பிய கண்காணிப்பும் அவர்களை விடுவித்த கண்காணிப்பும் ஒரே அலமாரியில்தான் இருந்திருக்கின்றன. மாறியது படிக்கிற ஆள்.

ஆகவே அரசு நிறுவனங்களின் கணினிக் கண்காணிப்பில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி படிக்கும் உரிமை பற்றியது. பிழைக்குறி உருவானால், அதனால் யாருடைய கணக்கு பாதிக்கப்படுகிறதோ அவருடைய திரையிலும் அது தெரிய வேண்டும். மறுப்பை எழுத ஏட்டில் ஓர் இடம் வேண்டும். இயந்திரத்தை வைத்து ஒருவர்மேல் குற்றம் சாட்டினால் அந்த இயந்திரத்தின் நோய்க்குறிப்பும் சேர்ந்தே வர வேண்டும். இவை மூன்றும் செலவு பிடிக்கிற காரியங்களே இல்லை. செலவைவிட ஆழமான காரணத்தால்தான் இவற்றைச் செய்யவில்லை.

7

இதெல்லாம் லண்டன் சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாதபடி ஒரு சட்டத் தொடர்பு இருக்கிறது. இங்கிலாந்து 69ஆம் பிரிவைக் கழற்றிய அதே 2000இல், இந்தியா தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் வழியாகச் சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவைச் சேர்த்தது. அதன் வாசகம் இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டு உரிமையியல் சாட்சியச் சட்டத்திலிருந்து எடுத்தது. அதை அவர்கள் 1995லேயே கைவிட்டிருந்தார்கள். 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷிய அதிநியமின் 63ஆம் பிரிவாக அது தொடர்கிறது. கணினி ஒழுங்காக இயங்கியது என்று சான்றிதழ் வேண்டும் என்பது நல்ல விதிதான். ஆனால் யார் கொடுக்கிற சான்றிதழ்? அந்தக் கணினிக்கோ அந்த வேலைக்கோ பொறுப்பானவர் ஒருவர், கூடவே ஒரு நிபுணர். கோப்பின் 'ஹாஷ்' எண்ணையும் இப்போது குறிக்க வேண்டும். ஹாஷ் எண் நகலும் மூலமும் ஒன்று என்று சொல்லும். மூலம் சரியா என்று சொல்லாது. ஹொரைசனின் ஒவ்வொரு பொய்ப் பற்றாக்குறைக்கும் அப்பழுக்கில்லாத ஹாஷ் எண் கொடுத்திருக்கலாம்.

நம்ம ஊர் ரேஷன் கடையில் ஒரு அம்மா கட்டை விரலை வைக்கிறார். "ரேகை விழலம்மா, நாளைக்கு வாங்க" என்கிறார்கள். இயந்திரம் படிக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை, ரேகை விழவில்லை. குறை விரலுக்குப் போய்விடுகிறது, நாற்பது வருஷம் பாத்திரம் தேய்த்த விரலுக்கு. ஆனால் அந்த முயற்சி தோற்றதற்கும் ஒரு பதிவு மையத்தில் உண்டு. 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 32ஆம் பிரிவு அந்தப் பதிவைப் பெறும் உரிமையை அட்டைக்காரருக்கே கொடுக்கிறது. கதவு சட்டத்தில் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு அப்படியொரு கதவு இருப்பதை யார் சொன்னார்கள், எந்த மொழியில் சொன்னார்கள்? பதிவைப் பெற்றாலும் அதில் இருக்கும் குறியீட்டை அவருக்கு வாசித்துச் சொல்லப்போவது யார்? பிராக்னெலுக்கும் கவுன்ட்டருக்கும் நடுவில் நின்ற சுவர் இங்கே படிப்பறிவாகவும் ஆங்கிலமாகவும் நிற்கிறது.

2024 மே மாதம் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு தனிச்சட்டம் போட்டு நூற்றுக்கணக்கான தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தது. ஒரு தொலைக்காட்சித் தொடர் அந்த ஜனவரியில் ஊரையே உலுக்கிய பிறகுதான் அதுவும் நடந்தது. இயந்திரம் சரி என்ற ஊகத்தை என்ன செய்யலாம் என்று அரசாங்கம் 2025 ஜனவரியில்தான் கருத்துக் கேட்க ஆரம்பித்தது. மன்னிப்பு முதலில் வந்தது, விதியைப் பற்றிய யோசனை பிறகு. தண்டனை பெற்றவர்களை விடுவிப்பது அரசுக்குச் சுலபம். ஏட்டைத் திறந்து வைப்பதுதான் கஷ்டம். தோட்டத்தில் துண்டுச் சீட்டை ஒழித்த சட்டம்கூடக் கண்காணியை உடனே ஒழித்துவிடவில்லை. ஏட்டைப் படிக்கிற, மறுக்கிற பலம் தொழிலாளிக்குச் சங்கம் கட்டின பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஆலன் பேட்ஸும் மற்றவர்களும் 2009இல் ஒரு கிராம மண்டபத்தில் கூடியபோது செய்ததும் அதுதான். உங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொருவரிடமும் சொல்லப்பட்டிருந்தது. கூடி உட்கார்ந்ததும் அது பொய் என்று தெரிந்துபோனது. கம்பெனி பூட்டி வைத்திருந்த பதிவேட்டுக்கு மாற்றாக அவர்கள் தங்கள் பிழைகளைத் தாங்களே சேர்த்து எழுதத் தொடங்கினார்கள்.